முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஆடுகிறது, வீட்டிலேயே மாற்றலாமா? (ஃபோர் வீல் ஜீப், தேன்கனிக்கோட்டை)

தேன்கனி ஜீப்

வணக்கம். எங்களிடம் பழைய மஹிந்திரா டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ். அப்பா வாங்கியது. வீடு தேன்கனிக்கோட்டையில், காடு பெட்டமுகிலாளம் பக்கம் மேலே. ராகி மூட்டை, உரம், மோட்டார், பைப், வேலைக்கு வரும் ஆட்கள் எல்லாம் இந்த வண்டியில்தான் ஏறி இறங்குவது. மழைக்காலத்தில் ஃபோர் வீல் இல்லாமல் காட்டுக்குள் போகவே முடியாது.

இப்போது மெதுவாகப் போகும்போது அடியில் கீச் கீச் என்று சீராக ஒரு சத்தம், குருவி கத்துவது போல. வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாக வருகிறது. ஃபோர் வீல் லீவர் போட்டாலும் போடாவிட்டாலும் கேட்கிறது. லீவர் போட்டு வண்டியை நகர்த்தினால் கூடவே "டங்" என்று ஒரு அடி விழுகிறது. கீழே படுத்து, முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன். டிஃபரென்ஷியல் (சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) பக்கத்து கிராஸில், அதாவது ஷாஃப்ட் முனையில் மடங்கிச் சுற்றும் கூட்டல் குறி வடிவ இணைப்பில், ஆட்டம் நன்றாகத் தெரிகிறது. கிராஸின் காலை மூடும் ஒரு கப்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி அப்பியிருக்கிறது. துடைத்துவிட்டு ஓட்டினாலும் மறுபடி வருகிறது.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும், பழைய ஷாஃப்ட் ஒன்று தேடி வாங்கி வா என்றார்கள். கிராஸ் மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டதற்குப் பதில் சரியாக வரவில்லை. வீட்டில் பெஞ்ச் வைஸ், சாக்கெட் செட், ஜாக்கி, கிரீஸ் கன் இருக்கிறது. கிராஸ் மட்டும் வாங்கி நானே மாற்றலாமா? எங்கே கவனமாக இருக்க வேண்டும்? தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

ஓசூர் டூல்ரூம்

மாற்றலாம். அதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். முன் சக்கர ஹப்பில் லாக் இருக்கிறதா, கையால் திருப்பி சக்கரத்தை ஆக்சிலிலிருந்து ஃப்ரீ ஆக்குவது போல? லீவர் போடாதபோது டங் சத்தம் கொஞ்சமாவது வருகிறதா? ஆட்டம் கிராஸின் கால்களுக்கும் கப்புக்கும் நடுவிலா, அல்லது கப்பே யோக் (கிராஸை இரண்டு காதுகளால் பிடிக்கும் கவட்டை) ஓட்டைக்குள் ஆடுகிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். கப்பின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஷாஃப்ட்டைத் திருப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தேன்கனி ஜீப்

ஹப் லாக் கிடையாது அண்ணா. லீவர் போடாதபோது டங் வருவதே இல்லை, கீச் மட்டும்தான். விரல் வைத்துப் பார்த்தேன், கப் அசையவில்லை. உள்ளேதான் ஆடுகிறது.

பாலக்கோடு பட்டறை

தம்பி, நீ சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. ஹப் லாக் இல்லாத வண்டியில் முன் சக்கரம் உருளும்போதெல்லாம் ஆக்சில், டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள், முன் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்தே சுற்றும். லீவர் போடாவிட்டாலும் கீச் சத்தம் வருவது அதனால்தான். லீவர் போட்டால்தான் அந்த ஷாஃப்ட்டில் பளு ஏறும். அப்போது தேய்ந்த இடைவெளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் அடிக்கும், அதுதான் டங். லீவர் போடாமலே டங் வந்திருந்தால் பின் ஷாஃப்ட்டைப் பார் என்று சொல்லியிருப்பேன்.

அந்தப் பொடி செம்மண் இல்லை, துரு. கப்புக்குள் வட்டமாக அடுக்கியிருக்கும் ஊசி ரோலர்கள் கிரீஸ் இல்லாமல் காய்ந்து, காலோடு உரசி, இரும்புத் தூளாகி சீல் வழியே வெளியே வருகிறது. பொடி வர ஆரம்பித்த பிறகு கிரீஸ் அடித்தால் சத்தம் அடங்கும், ஆட்டம் போகாது. மாற்றத்தான் வேண்டும். யோக் ஓட்டை நன்றாக இருக்கிறது என்கிறாய். ஷாஃப்ட் குழாயும் நசுங்காமல் இருந்தால் முழு ஷாஃப்ட் தேவையே இல்லை. கிராஸ் சில நூறு ரூபாய் சாமான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கம் ஃபோர் வீல் லீவரை எங்கே போட்டு எங்கே எடுப்பீர்கள்? கிராஸில் கிரீஸ் கன்னை மாட்டும் நிப்பிளில் கிரீஸ் கடைசியாக எப்போது போனது?

தேன்கனி ஜீப்

எங்கள் பக்கம் எல்லா ஜீப்பிலும் அடிவாரத்தில் லீவர் போட்டால் மேலே போய்த்தான் எடுப்பார்கள். முன்பு முழுக்க மண் ரோடு. இப்போது பெரும்பகுதி தார் போட்டுவிட்டார்கள், பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. கிரீஸ் சர்வீஸுக்கு விடும்போது அடிப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். இன்றைக்குத் தேடிப் பார்த்தால் முன் ஷாஃப்ட் நிப்பிள் மேல் சேறு இறுகிக் கல் போல இருக்கிறது.

பாலக்கோடு பட்டறை

சரி, இரண்டு காரணமும் கிடைத்துவிட்டது. கிராஸை மாற்றி இந்த இரண்டையும் மாற்றாவிட்டால் புதுசும் இதே கதிக்குத்தான் வரும்.

இந்த மாதிரி ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. லீவர் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே சுற்றுத்தான் சுற்ற முடியும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, பின் சக்கரம் உள்வட்டத்தில் போகிறது. இரண்டும் கடக்கும் தூரம் வேறு. சேற்றில், மணலில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், கிராஸ், கியர் பல்லில் ஏறி நிற்கும். மேலே போய் லீவரை எடுக்கும்போது எடுக்க வராமல் இறுகி, கொஞ்சம் ரிவர்ஸ் போனால் டக்கென்று விடுபடுகிறதா? அது அந்த முறுக்கு அவிழ்வதுதான். கொண்டை ஊசி வளைவுள்ள தார் ரோட்டில் லீவர் போட்டு ஓட்டுவது கிராஸை வைஸில் வைத்து நெரிப்பதற்குச் சமம். தார் முடிந்து மண் ஆரம்பிக்கும் இடத்தில் போடு, மண் முடியும் இடத்தில் எடு.

சித்தேரி டிரைவர்

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் மலையில் இருப்பவனுக்கு அவ்வளவு நேரம் ஏது? நாங்கள் கப் லூஸ் ஆனால் யோக் ஓட்டைக்குள் சென்டர் பஞ்ச்சால் நாலு புள்ளி அடித்து கப்பைத் தட்டி ஏற்றிவிடுவோம். அதற்கும் அடங்காவிட்டால் வெளியே இரண்டு பொட்டு வெல்டிங். வண்டி ஓடுகிறது. அரூர் வரை போய் சாமான் வாங்கி வர ஒரு நாள் போய்விடும், அன்றைய டிரிப்பும் போய்விடும்.

பாலக்கோடு பட்டறை

தம்பி, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். மலை வண்டி நின்றால் அன்றைய கூலி நின்றது. ஆனாலும் இதை நான் கண்டிப்பாக மறுக்கிறேன், காரணத்தோடு.

பஞ்ச் அடித்தால் கப் முழு வட்டத்திலும் உட்காராது, நாலு மேட்டின் மேல்தான் நிற்கும். பளு விழ விழ அந்த மேடு நசுங்கும், ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போகும். முதலில் கிராஸ் மட்டும் போயிருந்தது, இப்போது யோக்கும் போய்விட்டது. வெல்டிங் இன்னும் மோசம். கப் கடினப்படுத்திய உருக்கு. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், ரப்பர் சீல் கருகும், உள்ளே கிரீஸ் எரிந்து போகும். பொட்டு வைத்த நிமிடத்திலிருந்து அந்த கிராஸ் காய்ந்துதான் ஓடுகிறது.

அப்புறம், விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசி. முன் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (கியர்பாக்ஸின் விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) முன்னோக்கி ஆக்சிலுக்குப் போகிறது. ஆக்சில் பக்கத்து கிராஸ் முறிந்தால் அந்த முனை கீழே விழும், அதுவும் வண்டி போகும் திசையைப் பார்த்தபடி. ரோட்டில் குத்தினால் வண்டியையே தூக்கும். குத்தாவிட்டாலும் சுற்றிச் சுற்றி அடித்து எது எட்டுகிறதோ அதை உடைக்கும். சித்தேரி இறக்கத்தில், பின்னால் ஆள் நிற்கும் வண்டியில், அது நடக்க வேண்டாம்.

டிரிப் நிற்கக் கூடாதென்றால் வேறு வழி இருக்கிறது. முன் ஷாஃப்ட்டை இரண்டு முனையிலும் முழுசாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு டூ வீலில் ஓட்டு. வண்டி தாராளமாக ஓடும். லீவரை மட்டும் தொடாதே. சாமான் கிடைத்ததும் நிதானமாக மாட்டிக்கொள்ளலாம்.

காவேரிப்பட்டணம்

இவ்வளவு ஆபத்து என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியென்றால் வீட்டில் செய் என்று ஏன் சொல்ல வேண்டும்? தெரிந்த நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே. என்னிடமும் இதே மாதிரி வண்டி உண்டு, மாங்காய் சீசனில் நிற்காமல் ஓடும். அடியில் படுக்கும் வேலை எதையும் நான் தொடுவதில்லை.

பாலக்கோடு பட்டறை

நல்ல மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் விடுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அவசரத்தில் கிராஸைச் சுத்தியால் அடித்து இறக்கி ஏற்றுகிற கையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு வேண்டியது பெரிய மிஷின் இல்லை, பொறுமையும் சுத்தமும்தான். வீட்டில் நேரம் எடுத்துச் செய்கிறவனுக்கு அது இரண்டும் இருக்கிறது. அதனால் தம்பிக்கு முழுசாகச் சொல்கிறேன்.

சமதளத்தில் நிறுத்து. பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. மிகப் பழைய மாடல் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் ஷாஃப்ட் மேலேயே இருக்கும். அந்த மாதிரி வண்டியில் பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கே இருக்காது. நீ முன் ஷாஃப்ட்தான் கழற்றுகிறாய், இருந்தாலும் கட்டை இல்லாமல் அடியில் போகாதே. லீவர் டூ வீலில் இருக்கட்டும். ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வை. ஜாக்கியை நம்பிப் படுக்காதே. ஒரு சக்கரம் தூக்கியிருந்தால் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றலாம், மேலே மறைந்திருக்கும் போல்ட் ஒவ்வொன்றாகக் கீழே வரும்.

கழற்றும் முன் குறி போடு. இதை விடவே கூடாது. வெள்ளை பெயின்ட் எடுத்து டிஃபரென்ஷியல் யோக்குக்கும் ஷாஃப்ட் யோக்குக்கும் குறுக்கே ஒரு கோடு, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கமும் ஒரு கோடு, ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடும் ஸ்லிப் ஜாயிண்ட்டில் ஸ்ப்லைன் (நீளவாக்கில் ஓடும் பற்கள்) உள்ளே போகும் இடத்தில் ஒரு கோடு. பெயின்ட் டீசலில் அழியும், அதனால் பக்கத்திலேயே உளியால் லேசாக ஒரு கீறல்.

ஸ்பேனர் விஷயம்: பழைய ஜீப்பில் நிறைய போல்ட் இன்ச் அளவு. அரை இன்ச் தலைக்கு 13 நம்பர் உட்கார்ந்தது போலத் தெரியும், ஆனால் லூஸ்தான். இறுகிய நட்டில் போட்டால் மூலை மழுங்கிவிடும். இன்ச் சாக்கெட்டை யாரிடமாவது கேட்டு வாங்கியாவது போடு. கப்பை டிஃபரென்ஷியல் யோக்கோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டை எடுத்ததும் இரண்டு கப் வெளியே நிற்கும். அதைச் சுற்றி டேப் ஒட்டு, இல்லையென்றால் ஊசிகள் மண்ணில் சிந்தும். ஷாஃப்ட்டைத் தொங்க விடாதே, கயிறு கட்டித் தாங்கிக் கழற்று.

வைஸில் ஷாஃப்ட் குழாயைப் பிடிக்காதே. குழாய் மெல்லிசு. நசுங்கினால் பேலன்ஸ் போனது, அப்புறம் எந்த கிராஸ் போட்டாலும் அதிரும். யோக் பக்கம் பிடி. டீசலில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, கப்பை இடத்தில் பிடித்திருக்கும் வளையமான சர்க்ளிப் நாலையும் எடு. துருப்பிடித்த சர்க்ளிப் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள். சர்க்ளிப் வராவிட்டால் கப்பின் தலையில் பித்தளைக் கம்பி வைத்து லேசாக உள்ளே தட்டினால் அழுத்தம் விட்டு வந்துவிடும்.

கப் இறக்க இரண்டு சாக்கெட் வேண்டும். ஒன்று கப்பைவிடக் கொஞ்சம் சின்னது, தள்ளுவதற்கு. இன்னொன்று கப் முழுசாக உள்ளே போகும் அளவு பெரியது, எதிர்ப்பக்கம் யோக்கில் முட்டு கொடுப்பதற்கு. சின்ன சாக்கெட், யோக், பெரிய சாக்கெட் மூன்றையும் வைஸுக்குள் நேராக வைத்து மெதுவாக இறுக்கு. கப் பெரிய சாக்கெட்டுக்குள் வெளியேறும். முழுசாக வராது, வெளியே வந்த பகுதியை வைஸில் பிடித்து யோக்கைத் தட்டினால் கழன்று வரும். மறுபக்கத்துக்கும் இதேதான். யோக் காதைச் சுத்தியால் ஓங்கி அடிக்கிற வேலை எங்கேயுமே இல்லை.

பழைய கிராஸை எடுத்த பிறகு கடைக்குப் போ. கப்பின் விட்டம், எதிரெதிர் கப் இரண்டின் வெளிமுகத்துக்கு நடுவே நீளம், இரண்டும் வெர்னியரில் எடுத்துக்கொள். சர்க்ளிப் கப்புக்கு வெளியே உட்காரும் வகையா உள்பக்கம் உட்காரும் வகையா என்பதையும் பார்த்துக்கொள். மாடல் பெயர் மட்டும் சொல்லி வாங்கினால் வேறு வந்துவிடும், ஜீப்பில் ஆள் மாற்றிய ஷாஃப்ட் நிறைய. முடிந்தால் பழையதையே கையில் எடுத்துக்கொண்டு போ. கிருஷ்ணகிரியில், ஓசூரில் கிடைக்கும். இல்லையென்றால் பெங்களூரு ஜே.சி. ரோடு.

மாட்டும் முறையை நீ கழற்றி முடித்ததும் எழுதுகிறேன்.

மொரப்பூர் ஆசிரியை

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது சின்ன பெட்ரோல் கார், முன் சக்கர டிரைவ். பள்ளி வாசலில் முழுசாக ஸ்டீயரிங் ஒடித்துத் திருப்பும்போது முன்னால் டக் டக் டக் என்று சத்தம். நேராகப் போனால் இல்லை. இதுவும் கிராஸ்தானா?

ஓசூர் டூல்ரூம்

இல்லை மேடம். உங்கள் காரில் சக்கரம் பக்கம் இருப்பது சிவி ஜாயிண்ட், அதாவது மடங்கினாலும் சீரான வேகத்தில் சுற்றும் இணைப்பு. ஆல்ஃபிரெட் செப்பா என்ற ஃபோர்டு பொறியாளர் 1920-களில் உருவாக்கிய குண்டு ஜாயிண்ட்டின் வழிவந்தது. உள்ளே ஆறு குண்டுகள் பள்ளத்தில் ஓடும். ஒடித்துத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டக் டக் வந்தால் சக்கரம் பக்கத்து ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. நேராகப் போகும்போது, வேகமெடுக்கையில் மட்டும் முன்பக்கம் நடுங்கினால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட்டைச் சந்தேகப்படலாம்.

ஸ்டீயரிங்கை ஒடித்து நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட் என்பதைப் பாருங்கள். அது கிழிந்து, சுற்றிலும் கருப்பு கிரீஸ் தெறித்திருக்கும். பூட் கிழிந்த உடனே, சத்தம் வருவதற்கு முன்பே கவனித்திருந்தால் கழுவி, மாலிப்டினம் கலந்த கிரீஸ் வைத்து, பூட் மட்டும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பிறகு பூட்டும் கிரீஸும் மாற்றிப் பயனில்லை. குண்டு ஓடும் பள்ளமே தேய்ந்திருக்கும், ஜாயிண்ட்தான் மாற்ற வேண்டும். ஹப் நட்டுக்கு நீளமான கைப்பிடியும், திரும்ப இறுக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் வேண்டும். அந்த நட் எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் கார் கையேட்டில் இருக்கும், அதைக் குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. டார்க் ரெஞ்ச் இல்லாத வீட்டில் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கத்துப் பூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மொரப்பூர் ஆசிரியை

பார்த்தேன், வலது பக்கம் பூட் முழுசாகக் கிழிந்து தொங்குகிறது. இடது பக்கம் மடிப்பில் வெடிப்பு மட்டும்தான், கிரீஸ் வெளியே வரவில்லை.

ஓசூர் டூல்ரூம்

அப்படியென்றால் வலது பக்கம் ஜாயிண்ட், இடது பக்கம் பூட். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிடுங்கள். இடது பக்கத்தைத் தள்ளிப்போட்டால் அடுத்த மழையில் அதுவும் ஜாயிண்ட் செலவாகிவிடும்.

தேன்கனி ஜீப்

கழற்றிவிட்டேன். பாலக்கோடு அண்ணன் சொன்ன இன்ச் சாக்கெட் விஷயம் எவ்வளவு உதவியாக இருந்தது என்று சொல்ல முடியாது. பக்கத்து ஊரில் டிராக்டர் வைத்திருப்பவரிடம் வாங்கி வந்தேன், நட் அலுங்காமல் வந்தது.

கிராஸின் நாலு காலில் இரண்டு மோசம். ஊசி படுத்திருந்த இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம், நகத்தை ஓட்டினால் வரிக்கு வரி தடுக்கிறது. ஒரு கப்பைக் காகிதத்தின் மேல் கவிழ்த்தேன். காவி நிறத்தில் தூள் கொட்டியது, அதற்குள் முறிந்த ஊசித் துண்டுகள். முழு ஊசி பாதிகூட இல்லை. மற்ற இரண்டு காலில் கருப்பு கிரீஸ் கொஞ்சம் இருக்கிறது, கால் பளபளவென்று இருக்கிறது. ஒரே கிராஸில் எப்படி இவ்வளவு வித்தியாசம்?

டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து கிராஸ் ஆடவில்லை, ஆனால் கையால் மடக்கினால் நேர்நிலைக்கு வரும்போது ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு பிறகு நகர்கிறது. அதை விட்டுவிடலாமா?

பாலக்கோடு பட்டறை

விடாதே, அதையும் மாற்று. நேர்நிலையில் மாட்டுகிறது என்றால் அங்கேயும் ஊசிப் பள்ளம் விழ ஆரம்பித்துவிட்டது. ஷாஃப்ட் கையில் இருக்கும்போது செய்துவிட்டால் வேலை ஒன்றுதான்.

ஒரே கிராஸில் வித்தியாசம் ஏன் என்றால், நிப்பிளில் அடிக்கும் கிரீஸ் கிராஸின் நடுவிலிருந்து நாலு காலுக்கும் துளை வழியே போக வேண்டும். ஒரு துளையில் பழைய கிரீஸ் இறுகி அடைத்துக்கொண்டால் அந்தக் காலுக்கு எதுவும் போகாது. அடிக்கிறவர் ஒரு சீலில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் போதும் என்று கன்னை எடுத்துவிடுவார். நாலு சீலிலும் வெளியே வர வேண்டும். வராத பக்கம் இருந்தால் ஷாஃப்ட்டை மடக்கி மடக்கி அடி.

இப்போது மாட்டும் முறை. யோக் ஓட்டையை எமரி பேப்பரில் பர் (சிலும்பு) மட்டும் எடு, தேய்க்காதே. சர்க்ளிப் பள்ளத்தில் துரு இல்லாமல் சுரண்டு. புது கிராஸின் கப் நாலையும் மெதுவாகக் கழற்றி, ஊசி எல்லாம் நேராக நிற்கிறதா பார், லித்தியம் இபி 2 கிரீஸை விரலால் தடவி ஊசிகளை ஒட்ட வை. கிராஸை யோக்குக்குள் நுழை. நிப்பிள் ஷாஃப்ட் குழாயைப் பார்த்து இருக்கட்டும், இரண்டு கிராஸ் நிப்பிளும் ஒரே பக்கம் வரட்டும். அப்போதுதான் கீழே படுத்தால் கன் எட்டும்.

ஒரு கப்பைக் கையால் ஓட்டையில் நேராக உட்கார வைத்து, கிராஸின் காலை அந்தக் கப்புக்குள் தள்ளிப் பிடித்துக்கொண்டே வைஸை இறுக்கு. கால் உள்ளே இருந்தால் ஊசி சாயாது. எதிர்க் கப்பையும் அப்படியே. சின்ன சாக்கெட் வைத்து சர்க்ளிப் பள்ளம் தெரியும் வரை தள்ளு. பள்ளம் முழுசாகத் தெரிவதற்குள் இறுகி நின்றால் நிறுத்து. ஒரு ஊசி சாய்ந்து கப்பின் அடியில் குறுக்கே கிடக்கிறது. பலம் போட்டால் ஊசி முறியும், கப் வெடிக்கும். கழற்றிப் பார்த்து மறுபடி செய்.

தேன்கனி ஜீப்

நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது அண்ணா. மூன்று கப் சரியாக உட்கார்ந்தது, நாலாவது நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஒரு ஊசி அடியில் குறுக்கே. நிமிர்த்தி வைத்துத் தள்ளினேன், பள்ளம் தெரிந்தது, சர்க்ளிப் போட்டாயிற்று. ஆனால் இப்போது கிராஸ் ஒரு பக்கம் மடக்க ரொம்ப டைட்டாக இருக்கிறது. புதுசு என்பதால் அப்படித்தானா?

இன்னொன்று, ஸ்லிப் ஜாயிண்ட்டைக் கழுவும்போது பிரித்துவிட்டேன். குறி இருக்கிறது. ஒரு பல் முன்னே பின்னே போனால் என்ன ஆகும்?

பாலக்கோடு பட்டறை

டைட் இருந்தால் அப்படியே மாட்டாதே. கப் உள்ளே அதிகம் போய் காலை நெருக்குகிறது. யோக் காதின் வெளிப்பக்கத்தை, கப் மேல் படாமல், பித்தளைச் சுத்தியால் லேசாக ஒரு தட்டு. கப் வெளியே நகர்ந்து சர்க்ளிப்பில் முட்டி நிற்கும், கிராஸ் விடுபடும். கையால் மடக்கினால் சீராக, கொஞ்சம் கிரீஸ் பிடிப்போடு போக வேண்டும். தானாகத் தொங்கி விழக் கூடாது, எங்கேயும் மாட்டவும் கூடாது.

ஸ்ப்லைன் கேள்விக்கு ஓசூர்க்காரர் நன்றாகச் சொல்வார்.

ஓசூர் டூல்ரூம்

சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த விஷயம்.

கிராஸ் ஜாயிண்ட் ஒரு கோணத்தில் சுற்றும்போது உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடும், இரண்டு முறை குறையும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்றமும் இறக்கமும் தலா சுமார் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரி என்றால் 6 சதவீதம். இத்தாலிய அறிஞர் கார்டானோ பெயரிலும் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் பெயரிலும் இந்த ஜாயிண்ட் அழைக்கப்படுகிறது. ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்துவிட்டார்.

ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் இருப்பதால், முதல் கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது கிராஸ் எதிராகச் செய்து சமன் செய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை. இரண்டு பக்கத்துக் கோணமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், அதாவது ஷாஃப்ட்டைத் தரையில் கிடத்தினால் இரண்டு யோக்கின் காதுகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஸ்ப்லைன் ஒரு பல் மாறினாலே அந்த வாக்கு போய்விடும், சமன் ஆகாமல் அதிர்வு வரும். கோணம் பெரிதாக உள்ள ஜீப்பில் இது தெளிவாகவே தெரியும். உங்கள் குறியோடு சேர்த்துக் கண்ணாலும் வாக்குப் பார்த்து மாட்டுங்கள். சில ஷாஃப்ட்டில் அம்புக்குறியே இருக்கும்.

யூ போல்ட் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பலமாக இறுக்கினால் கப் வட்டம் கெட்டு ஊசியை நெருக்கும், புது கிராஸ் அன்றே சூடாகும். ஸ்பிரிங் வாஷர், பூட்டு நட் எல்லாம் புதுசு போடுங்கள்.

சித்தேரி டிரைவர்

ஒரு சந்தேகம். என் வண்டியில் ஹப் லாக் இருக்கிறது. ஃப்ரீயில் வைத்தே பெரும்பாலும் ஓட்டுகிறேன். அப்படியென்றால் முன் கிராஸ் சுற்றுவதே இல்லை. அது ஏன் தேய்ந்தது?

ஓசூர் டூல்ரூம்

சுற்றாமல் இருப்பதாலும் கெடும். ஊசி ஒரே இடத்தில் நின்றுகொண்டு வண்டி அதிர அதிர அங்கேயே குத்திக் கொண்டிருக்கும். கிரீஸ் அந்த இடத்திலிருந்து விலகிவிடும், தண்ணீர் புகுந்தால் துருப்பிடிக்கும். மாதத்துக்கு ஒரு முறையாவது ஹப்பை லாக் செய்து, லீவர் போடாமல், சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஷாஃப்ட் சுற்றி ஊசிகள் இடம் மாறும்.

தேன்கனி ஜீப்

மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு கிராஸும் புதுசு. யோக் காதில் லேசாகத் தட்டியதும் டைட் விட்டது. கிரீஸ் அடித்தபோது மூன்று சீலில் உடனே வந்தது, நாலாவது வரவில்லை. ஷாஃப்ட்டை மடக்கி, சக்கரத்தைச் சுற்றி, மறுபடி அடித்தேன், வந்தது. கீச் சத்தம் இல்லை. மண் ரோட்டில் லீவர் போட்டு முன்னும் பின்னும் நகர்த்தினேன், டங் இல்லை. அதிர்வும் இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். தார் ரோட்டில் லீவர் போடாமல் ஏறியதும், ஏன் போடவில்லை என்று கேட்டார். வளைவு விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வளைவில் போட்டுத் திருப்பி, எடுத்தும் திருப்பிக் காட்டச் சொன்னார். ஸ்டீயரிங்கில் வரும் கனத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி மேலே மண் ரோட்டில் போட்டால் போதும் என்று அவரே சொன்னார்.

கிரீஸ் எத்தனை நாளுக்கு ஒரு முறை அடிக்கலாம்? மழைக்காலத்தில் ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும்.

பாலக்கோடு பட்டறை

சந்தோஷம் தம்பி. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டாயம் அடி. ஓடையில் இறங்கிய வண்டிக்கு அன்றைக்கே அடித்துவிடு. சூடான கிராஸ் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். புது கிரீஸ் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். நிப்பிளின் வாயை முதலில் துணியால் துடை, இல்லையென்றால் கிரீஸோடு மண்ணையும் சேர்த்து உள்ளே அனுப்புவாய். ஸ்லிப் ஜாயிண்ட்டில் இருக்கும் நிப்பிளையும் மறக்காதே. இந்த வாரமே யூ போல்ட் நட்டை ஒரு முறை டைட் பார்.

சித்தேரி தம்பி, உன் யோக் ஓட்டையின் விட்டத்தை நெடுக்கும் குறுக்குமாக இரண்டு வாக்கில் வெர்னியரில் எடுத்து இங்கே எழுது. இரண்டும் ஒன்றாக இருந்து, புதுக் கப் அதில் இறுக்கமாக உட்கார்ந்தால் கிராஸ் மட்டும் போதும். வித்தியாசம் வந்தால் யோக்கும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை அந்த ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டு.

சித்தேரி டிரைவர்

சரி அண்ணா. வெல்டிங் வைத்த கப்பை எப்படி எடுப்பது?

பாலக்கோடு பட்டறை

பொட்டை மட்டும் கிரைண்டரில் மெதுவாகத் தேய்த்து எடு, யோக் காதைத் தொடாமல். பிறகு அதே சாக்கெட் முறைதான். வராவிட்டால் அடிக்காதே, பிரஸ் இருக்கும் லேத்துக்குக் கொண்டு போ. எடுத்ததும் ஓட்டை அளவை எழுது.